கோர்ட்டுப் பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இன்று காலை வீடியோ காலில் உன் அம்மா உன்னை வாயைத் திறக்கச் சொல்லிக் கடைவாய்ப் பல்வரைக்கும் பார்த்துவிட்டாள். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீ பெங்களூரில் இருந்துகொண்டு, "அப்பா, கல்யாணம் நம்ம மண்டபத்துலதானே?" என்று கேட்க ஆரம்பித்து மாதக்கணக்காகிறது. நானும் ஒவ்வொரு தடவையும் "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்துக்கொண்டே வந்தேன். நேற்று உன் அம்மா கையை விரித்துவிட்டாள். "காரணத்த நீங்களே சொல்லிக்குங்க. நான் சொன்னா என்னைத்தான் கத்துவான்" என்றாள். போனில் சொல்ல எனக்கு வராது. நான் ஹலோ சொல்லி, தொண்டையைச் செருமி, விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மனக்கஷ்டம் கொடுத்தவன் எழுதுகிற கடிதம் இது. பிழை இருந்தால் வரப்போகிற மருமகளிடம் காட்டாமல் நீ மட்டும் படித்துக்கொள்.

பத்திரிகையில் வேறு மண்டபத்தின் பெயரைப் பார்த்திருப்பாய், ஆனாலும் விஷயத்தை முதலிலேயே என் வாயால் சொல்லிவிடுகிறேன். நம் மண்டபத்தில் உன் கல்யாணம் நடக்காது. தை மாத முகூர்த்தத்துக்குச் செங்கம் ரோட்டில் வேறு மண்டபம் பேசிவிட்டேன். அங்கே ஏசி இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, கார் நிறுத்த இடம் இருக்கிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் பெண் வீட்டாருக்கு ஒரு குறையும் இருக்காது. நமக்கு மட்டும்தான் ஒரு குறை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மண்டபத்து கேட்டுக்கு வெளியே, புங்க மரத்தடியில், என் வேலை நேரத்தில் எழுதுகிறேன்.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டி, வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் உன் தாத்தா அதைக் கட்டினார். மேடைக்கு நேர் எதிரே வாசல், வாசலுக்கு நேர் எதிரே மலை. தாலி கட்டுகிறவன் தலையைத் தூக்கினால் மலை தெரிய வேண்டும் என்று மேஸ்திரியோடு சண்டை போட்டு அப்படி வைத்தார். தொட்டில் கட்டி உன்னைத் தூங்க வைத்தது அந்த மேடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான். ஊரில் பாதிப் பேர் கல்யாணம் அங்கே நடந்திருக்கிறது. உனக்கு அங்கே கல்யாணம் செய்துகொள்ள ஆசை வந்ததில் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் அந்த ஆசை இருந்தது. இருந்தது என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்தேன்.

இது எப்படிக் கோர்ட்டுக்குப் போனது என்பது உனக்குப் பாதிதான் தெரியும். அப்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். தாத்தா போன பிறகு நானும் உன் சித்தப்பாவும் பேசிக்கொள்வதை நிறுத்தினோம். காரணம் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். சாப்பாட்டுக் கூடத்துக்கு டைல்ஸ் போடுவதா, கிரானைட் போடுவதா என்று ஆரம்பித்தது அது. கடைசிவரை இரண்டும் போடவில்லை. பேச்சை நிறுத்தினோமே தவிர மண்டபத்தை நிறுத்தவில்லை. நான் முன்வாசல் அறையில் உட்கார்ந்து புக்கிங் வாங்கினேன். அவன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தன் பாத்திரக் கடையில் உட்கார்ந்து புக்கிங் வாங்கினான். அவன் யாருக்குக் கொடுத்திருக்கிறான் என்று நான் கேட்கமாட்டேன், கேட்டால் நான் இறங்கி வந்த மாதிரி ஆகிவிடும். அவனும் அப்படியே. ஒரு ஆவணி முகூர்த்தத்துக்கு இரண்டு பேரும் வாங்கிவிட்டோம்.

முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்புக்கு ஒரு வேன் வந்து நின்றது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு வேன். முதல் வேனிலிருந்து இறங்கிய ஒரு அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டு, "யாருங்க நீங்க?" என்றாள். "நாங்க பொண்ணு வீட்டுக்காரங்க. நீங்க?" என்றாள் அடுத்த வேன் அம்மா. "நாங்களும் பொண்ணு வீட்டுக்காரங்கதான்." இரண்டு மேளக்காரர்களும் ஒருவரை ஒருவர் அமுக்குகிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு கல்யாணத்தை மேடையிலும் இன்னொன்றைச் சாப்பாட்டுக் கூடத்திலுமாக நடத்தி வைத்தார்கள். ஒரு பெரியவர் வேறு மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுவிட்டு, திரும்பக் கேட்க வெட்கப்பட்டு, அந்தக் குடும்பத்தோடேயே சாப்பிட்டுவிட்டுப் போனார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. சமையல்கட்டில் நான் சாம்பார்க் கரண்டியைத் தூக்கினேன். அவன் சோறு எடுக்கிற அன்னவெட்டியைத் தூக்கினான். சமையல்காரர் நடுவில் நின்று, "ரெண்டுமே வாடகைச் சாமானுங்க, வளைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்" என்றார். அதனால்தான் ரத்தம் வரவில்லை.

அடுத்த வாரமே நான் வக்கீலிடம் போனேன். பாகம் பிரிக்கக் கேட்டு வழக்குப் போடுவது என்று ஆனது. வழக்கு முடிகிறவரைக்கும் மண்டபம் யார் கையில் இருப்பது என்ற பேச்சு வந்தபோது வக்கீல் என்னை ஒரு கேள்வி கேட்டார். அதை நீ கவனமாகப் படிக்க வேண்டும். "உங்களுக்கு வேணுமா, இல்ல அவருக்குப் போகக் கூடாதா?" என்றார். "அவன் கையில இருக்கக் கூடாது சார். அவ்ளோதான்" என்றேன். "அப்ப ரிசீவர் கேக்கலாம்" என்றார். ரிசீவர் என்றால், வழக்கு நடக்கிற காலத்தில் சொத்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொள்ளக் கோர்ட் நியமிக்கிற ஆள். கேட்டேன். கோர்ட்டும் கொடுத்தது. நான் கேட்டதை அப்படியே, ஒரு எழுத்துக் குறையாமல் கொடுத்தது. அவன் கையிலிருந்து போய்விட்டது. என் கைக்கு வரவேண்டும் என்று நான் எங்கேயும் கேட்கவில்லையே.

ரிசீவராக வந்தவரும் ஒரு வக்கீல்தான். மெதுவாகப் பேசுகிற மனுஷர், சட்டைப் பையில் எப்போதும் இருமல் மிட்டாய் வைத்திருப்பார். கோர்ட் அமீனாவோடு வந்து அண்டா, நாற்காலி, ஜமக்காளம், குத்துவிளக்கு என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு என்னையும் சித்தப்பாவையும் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துச் சொன்னார்: "ரெண்டு பேரும் நல்லா கேட்டுக்குங்க. இனிமே இது உங்களுதும் இல்ல, அவருதும் இல்ல. சாவி என் பையில இருக்கறதால என்னுதுன்னும் நெனைக்காதீங்க. இது கோர்ட் கையில இருக்குது. நான் கோர்ட்டோட கை, அவ்ளோதான். இதுல யாராவது கைய வெச்சா என் மேல வெச்சதா அர்த்தம் இல்ல, கோர்ட் மேல வெச்சதா அர்த்தம்." நான் அப்போது ஒரு கேள்வி கேட்டேன். "அப்ப பொம்பளைங்க பக்கத்து பாத்ரூம்ல பைப்பு அடைச்சிக்கிட்டிருக்குது சார், அது கோர்ட்டுக்குத் தெரியுமா?" அமீனா சிரித்துவிட்டார். ரிசீவர் சிரிக்கவில்லை. "மனு போட்டாத் தெரியும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் நம் மண்டபத்தின் மிச்ச ஆயுசு முழுக்க இருந்தது என்று இப்போது புரிகிறது. பைப்புக்கு மனு. மோட்டாருக்கு மனு. வெள்ளை அடிக்க மனு. வாடகைக்கு விட்டு வருகிற பணம் கோர்ட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை எடுத்து ஒரு பல்பு மாற்ற வேண்டுமென்றாலும் உத்தரவு வேண்டும். இதில் கோர்ட்டைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சாப்பாட்டுக் கூடத்துக் கூரை ஒழுகுகிறது, ஓட்டை அடைக்க வேண்டும் என்று நான் மனு போட்டால், செலவுக் கணக்கில் நான் ஏதோ செய்யப்பார்க்கிறேன் என்று சித்தப்பா ஆட்சேபித்தான். மறு வருஷம் அதே ஓட்டைக்கு அவன் மனு போட்டான். அவன் ஆளை வைத்து வேலை செய்யப் பார்க்கிறான் என்று நான் ஆட்சேபித்தேன். ஓட்டைக்கு எங்கள் இருவரையும் நன்றாகத் தெரியும். அது பாட்டுக்குப் பெரிதாகிக்கொண்டே இருந்தது.

பழைய வாட்ச்மேன் சம்பளம் ஒழுங்காக வரவில்லை என்று நின்றுவிட்டபோது ரிசீவர் என்னைக் கூப்பிட்டார். "உங்களுக்கு இந்த எடத்தோட மூலை முடுக்கெல்லாம் தெரியும். கோர்ட்டுல சொல்லி அனுமதி வாங்கறேன். காவலுக்கு இருக்கீங்களா? ஆனா ஓனரா இல்ல. என் ஆளா." சரி என்றேன். ஒரு காலத்தில் "மொதலாளி" என்று கூப்பிட்டார்களே, அதே கேட்டில் "வாட்ச்மேன், தண்ணி வரல" என்று கூப்பிட்டார்கள். உன் அம்மா, "இந்த வயசுல அரசாங்க உத்தியோகம் கெடைச்சிருக்குது, சாமிக்குத் தேங்காய் ஒடைங்க" என்றாள். சித்தப்பா ஆட்சேபித்தான். அதனால் கோர்ட் ஒரு நிபந்தனை போட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வந்து பார்வையிடலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவன் வருவான். நாற்காலிகளை எண்ணுவான். நான் எதிரே உட்கார்ந்து அவன் எண்ணுவதைப் பார்ப்பேன். ஒரு தடவை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டி, "எழுந்திரு, அதையும் எண்ணணும்" என்றான். இன்னொரு தடவை, தாவாவில், அதாவது வழக்கில், இருக்கிற சொத்தின் கொடிக்கயிற்றில் நான் வேட்டி காயப்போட்டேன் என்று மனு போட்டான். ஜட்ஜ் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று வக்கீல் சொன்னார்.

இப்போது உன் விஷயம். நீ கேட்டதும் நான் ரிசீவரிடம் போனேன். "சார், தை மாசம் ஒரு நாளைக்கு மண்டபம் வேணும். பையன் கல்யாணம். எல்லாரையும் போல வாடகை கட்டிடறேன்" என்றேன். அவர் இருமல் மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் மிட்டாய் போட்டுக்கொண்டால் நல்ல செய்தி இல்லை என்று எனக்குப் பழக்கம். "ஊர்ல யார் வந்து கேட்டாலும் கையெழுத்து வாங்கிட்டு நானே குடுத்துடுவேன். நீங்க கேட்டாதான் கஷ்டம். நீங்க வழக்குல ஒரு கட்சி. உங்ககிட்ட சாவி குடுத்தா, ஒரு கட்சிக்கு சொத்தைக் குடுத்ததா ஆயிடும். கோர்ட்டைக் கேக்காம முடியாதுங்க" என்றார். என் அப்பா கட்டிய மண்டபத்தில் என் மகன் கல்யாணத்துக்கு வாடகைக்கு இடம் கேட்டு நான் மனு போட்டேன். மனுதாரர் என்ற இடத்தில் என் பெயர். நீ மனுவில் "மனுதாரரின் குமாரன்" என்று வருகிறாய். மருமகள் "மேற்படி குமாரனின் வருங்கால மனைவி". பத்திரிகை அடிக்கும் முன்பே உங்கள் இருவர் பெயரும் சேர்ந்து அச்சில் வந்தது கோர்ட் பேப்பரில்தான்.

அதற்குச் சித்தப்பா எதிர்மனு போட்டான். கல்யாணம் என்ற சாக்கில் உள்ளே நுழைந்து, மாப்பிள்ளை பெண்ணோடு அங்கேயே குடியேறி, சொத்தைக் கைப்பற்றும் உள்நோக்கம் எனக்கு இருப்பதாக எழுதியிருந்தது. அன்று சாயங்காலம் அவனை டீக்கடையில் பார்த்தேன். வருஷக்கணக்காக டீக்கடையில் நாங்கள் பேசியதில்லை. அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை.

"ஏண்டா, அண்ணன் பையன் கல்யாணத்துக்கே கவுண்டர் போட்டுட்டியேடா. அவன் உன் தோள்ல ஒக்காந்து தேர் பாத்தவன்டா."

அவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "வக்கீல் போட்டாருண்ணா. நான் கையெழுத்துதான்."

"படிச்சுப் பாக்க மாட்டியா?"

"நீ மொதல்ல ரிசீவர் கேட்டு ஒரு மனு போட்டியே, அதுல என்னப் பத்தி இன்னா எழுதியிருந்துச்சுன்னு நீ படிச்சியா?"

படிக்கவில்லை. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து பழைய கட்டைப் பிரித்துப் படித்தேன். மண்டபத்துக் குத்துவிளக்குகளை அவன் எடுத்து விற்றுவிடக்கூடிய ஆள் என்று அதில் இருக்கிறது. அவன் அப்படி ஒரு ஆள் இல்லை. அவன் கோபக்காரன், கஞ்சன், பிடிவாதக்காரன். திருடன் இல்லை. கீழே என் கையெழுத்து, நல்ல தெளிவாக, பெயிலானவன் கையெழுத்து மாதிரியே இல்லாமல் அழகாக இருக்கிறது.

விசாரணை அன்று இருந்தவர் ஒரு ஜட்ஜம்மா. நல்ல மாதிரி. என்னைக் கூப்பிட்டு, "கல்யாணம் முடிஞ்சு சாயங்காலத்துக்குள்ள சாவிய ரிசீவர்கிட்ட ஒப்படைச்சுடுவீங்களா?" என்று கேட்டார். "மத்தியானமே குடுத்துடறேங்கம்மா. பந்திகூட வேற எடத்துல வெச்சுக்கறேன், தாலி மட்டும் அங்க கட்டிக்கறோம்" என்றேன். எதிரே நின்ற சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய வக்கீல் என்னவோ சொல்ல எழுந்தார். இவன் அவர் கோட்டைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான். நான் பார்த்தேன். ஜட்ஜம்மா, "எனக்கு ஆட்சேபணை இல்ல, ஜனங்க கூடற எடம், கட்டடம் உறுதியா இருக்குதுன்னு ஒரு இன்ஜினியர் பாத்துச் சொல்லட்டும்" என்றார். நான் வெளியே வந்து உன் அம்மாவுக்குப் போன் செய்து, "கெடைச்ச மாதிரிதான்" என்றேன். அவள் பாயசத்துக்குச் சேமியா வாங்கிவிட்டாள்.

கார்த்திகை மழை உனக்குத் தெரியும். தீபம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு இன்ஜினியர் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனார். சுத்தியலால் மேல்தளத்தை லேசாகத் தட்டினார். லேசாகத்தான். ஒரு சோற்றுப் பானை அளவுக்கு சிமெண்டு பெயர்ந்து, அவருக்கு ஒரு அடி முன்னால் வந்து விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து, ஈரமாக, சிவப்பாகத் தெரிந்தது. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். இன்ஜினியர் தலையிலிருந்து தூசியைத் தட்டிவிட்டு, "எவ்ளோ நாளா ஒழுகுது?" என்றார். நானும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கேள்விக்கு இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் தெரியும். 

ஜனங்களைக் கூட்டக்கூடாது என்று அறிக்கை வந்தது. என் மனு தள்ளுபடி. ஜட்ஜம்மா கஷ்டப்பட்டுத்தான் சொன்னார். மண்டபத்தை மூடச் சொல்லி உத்தரவு. ரிசீவர் வந்து கேட்டுக்குப் பெரிய பூட்டாகப் போட்டு, துணி சுற்றி, அரக்கு வைத்து முத்திரை குத்தினார். என்னிடம் இருந்த சின்ன சாவியையும் வாங்கிக்கொண்டார். அதனால் இப்போது நான் வெளியே உட்கார்ந்து காவல் காக்கிறேன். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் கேட் ஓரம் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு, "இது இன்னாங்க, கோயில் மண்டபமா?" என்று கேட்கிறார்கள். "இல்லீங்க, கோர்ட் மண்டபம்" என்கிறேன்.

இடிப்பதா, விற்பதா என்று இப்போது கோர்ட் இரண்டு பக்கத்தையும் கேட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் ஆட்சேபணை சொல்ல வாய்தா வாங்கியிருக்கிறது. என் வக்கீல் மனம் விட்டுச் சொன்னார்: "இடிக்கலாமா வேணாமான்னு முடிவாகறதுக்குள்ள அதுவே எறங்கிடும் சார்." ஏன் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிக்கக் கூடாது என்று நீ கேட்பாய். ஒரு தடவை ரிசீவர் ஆபீசிலேயே உட்கார்ந்தோம். மேடை இருக்கிற பாதி எனக்கு, சாப்பாட்டுக் கூடம் இருக்கிற பாதி அவனுக்கு என்றுவரை வந்தது. அப்படியே நடந்திருந்தால் என் பக்கம் தாலி கட்டிக்கொண்டு பசியோடு அவன் பக்கம் போயிருப்பார்கள். கேட் யாருக்கு என்பதில் முறிந்தது. இரண்டு பேரும் எழுந்து வந்தோம். ரிசீவர் எங்களுக்கு ஆளுக்கொரு இருமல் மிட்டாய் கொடுத்து அனுப்பினார்.

போன வாரம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "அப்பா, எனக்குப் பவர் எழுதிக் குடுங்க, நான் லீவு போட்டு வந்து இந்தக் கேஸ ஒரு கை பாக்கறேன்" என்கிறாய். வேண்டாம். இந்தக் கடிதத்தில் நான் கெஞ்சுகிற ஒரே இடம் இதுதான். நீ பேசும்போது உன் குரலில் என் குரல் கேட்டது. சாம்பார்க் கரண்டியைத் தூக்கின குரல். வக்கீலிடம் போய், "சார், எனக்கு அப்புறம் பையன் இதுல வராம இருக்க வழி இருக்குதா?" என்று கேட்டேன். "நீங்க போனதும் வாரிசுன்னு அவரைச் சேக்கத்தான் வேணும். ஆள் போனாலும் கேஸ் போவாது" என்றார். அந்தப் பக்கம் சித்தப்பா போனால் அவன் மகள் பெயர் வரும். நீயும் அவளும் எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போனில் பேசிச் சிரிக்கிறீர்கள். ஒரு நாள் அந்தத் தாளில் ஒரு பக்கம் உன் பெயரும் இன்னொரு பக்கம் அவள் பெயரும் இருக்கும். அதைத் தடுக்க என்னால் ஆகவில்லை. வீடு, நகை, நிலம் எதை உனக்கு விட்டுவிட்டுப் போவேனோ தெரியாது. இதை மட்டும் கட்டாயம் விட்டுவிட்டுப் போவேன். அன்றைக்கு யாராவது உன்னிடம், உனக்கு வேண்டுமா, இல்லை அவளுக்குப் போகக் கூடாதா என்று கேட்டால், எழுந்து வெளியே வந்துவிடு. எதில் கையெழுத்துப் போட்டாலும் படித்துவிட்டுப் போடு. இதற்குமேல் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மிச்சத்தைக் கேட்டால் நீ சிரித்துவிடுவாய்.

மூடின பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையும் சித்தப்பா வந்தான். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. கேட் கம்பி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்து என் பக்கத்தில், புங்க மரத்தடியில் உட்கார்ந்தான்.

"பத்திரிகை அடிச்சாச்சாண்ணா?"

"அடிச்சாச்சு. நம்ம வழக்கப்படி உன் பேரும் போட்டிருக்குது."

"பாத்தேன். பொண்ணு போன்ல காட்டுச்சு." ரோட்டைக் கை காட்டினான். "நம்ம ஜனங்க எவனும் பத்திரிகையில மண்டபம் பேரைப் படிக்க மாட்டான். நேரா இங்கதான் வந்து எறங்குவான். நைனா காலத்துப் பழக்கம். யாராவது ஒருத்தர் இங்க நின்னு, கல்யாணம் செங்கம் ரோட்டுலன்னு திருப்பி அனுப்பணும்."

"யார நிக்க வெக்கறது?"

"நான் நிக்கறேன்."

"நீ கல்யாணத்துக்கு வர வேணாமாடா?"

"அங்க வந்தா எங்க ஒக்காரதுன்னு எனக்குத் தெரியாது. உன் வக்கீல் ஒண்ணு நெனைப்பாரு, என் வக்கீல் ஒண்ணு நெனைப்பாரு. இங்கன்னா ரோடு. எவனும் கேக்க மாட்டான். நீ போய் புள்ளைக்குத் தாலி எடுத்துக் குடு."

நான் சரி என்றேன். அவன் போன பிறகு எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதையும் எழுதுகிறேன், இதையும் எழுதுகிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் தேரடித் தெருவில் வண்டியை நிறுத்தினேன். இரும்புக் கடையில் ஒரு சங்கிலியும் ஒரு பூட்டும் வாங்கினேன். மறுநாள் காலை, கோர்ட் பூட்டுக்குப் பக்கத்தில் அதை மாட்டிப் பூட்டினேன். ஏன் என்று கேட்காதே. கல்யாணத்தன்று நான் அங்கே இருக்கமாட்டேன், அவன் தனியாக இருப்பான், அவ்வளவுதான் என் மூளையில் ஓடியது. உள்ளே என்ன இருக்கிறது, அவன் எடுத்துக்கொண்டு போக? விழப்போகிற கூரையையா தூக்கிக்கொண்டு போவான்?

ரிசீவர் வந்து பார்த்தார். இருமல் மிட்டாயை எடுத்தவர் வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "கோர்ட் பூட்டுக்கு மேல உங்க பூட்டா? இது கோர்ட் அவமதிப்புங்க. தெரியுதா?" என்றார். தெரிகிறது என்றேன். "கல்யாணம் வரைக்கும் எனக்குக் கண்ணு தெரியல. மறுநாள் வருவேன். அன்னைக்கு இது இருந்தா, எழுதி அனுப்பறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். சாவியை எடுத்துக்கொண்டு கேட்வரை பல தடவை போனேன். கை போகவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா வந்தான். இரண்டு பூட்டையும் பார்த்தான். புதியதைக் கையில் எடுத்து எடை பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்தான். பாத்திரக்காரன் இல்லையா. "நல்ல கனமாதான் இருக்குது. தேரடித் தெருவா?" என்றான். ஆமாம் என்றேன். கையை விட்டான். அது கேட்டில் இடித்துச் சத்தம் போட்டது. "முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு சொல்லு. அதுக்கு முன்னாடியே வந்து நின்னுக்கறேன்" என்றான்.

அதனால் நீ ஒன்று செய்ய வேண்டும். தாலி கட்டி, பந்தி முடிந்து, நீயும் மருமகளும் காரில் ஏறியதும் டிரைவரிடம் கிரிவலப் பாதை வழியாகப் போகச் சொல். நம் கேட்டுக்கு முன்னால் நிறுத்து. அவன் அங்கே வெயிலில் நின்றுகொண்டிருப்பான். இரண்டு பேரும் இறங்கிக் காலில் விழுங்கள். அம்மா அவனுக்குச் சாப்பாடு கட்டிப் பின்சீட்டில் வைத்திருப்பாள். உன் கையால் கொடு. மருமகள் புதிது, கேட்டில் எதற்கு இரண்டு பூட்டு என்று கேட்பாள். பெரியது கோர்ட்டுடையது என்று சொல். மற்றதைப் பற்றி அவன் எதிரில் பேச வேண்டாம்.

உன் அப்பா